கண்டி வெயிலும் அரை மணி நேரமும்

கூரையில் சோலார் பூட்டக் கேட்டால், ஆண்டுக்கு இத்தனை யூனிட் கிடைக்கும் என்று ஓர் அறிக்கை தருவார்கள். அந்த ஒற்றை எண்ணை நம்பித்தான் பலர் வங்கிக் கடனுக்குக் கையெழுத்திடுகிறார்கள். அது எங்கிருந்து வருகிறது என்று தெரிந்திருப்பது நல்லது.

இந்தக் கணக்குக்குப் பெயர்பெற்ற மென்பொருள் பிவிசிஸ்ட். ஜெனீவாப் பல்கலைக்கழகத்தில் பிறந்தது. பேனலின் குணங்கள் ஒரு கோப்பில், இன்வெர்ட்டரின் குணங்கள் இன்னொன்றில், இடத்தின் அட்சரேகையும் மாதச் சராசரி வெயிலும் ‘சிட்’ கோப்பில், மணிக்கு மணி வெயில் ‘மெட்’ கோப்பில் என்று எல்லாம் தனித்தனியாக இருக்கும். பலர் தடுக்கி விழுவது கடைசி இரண்டிலும்தான். மாதச் சராசரியைத் திருத்திச் சேமித்துவிட்டு, கணக்கும் மாறிவிட்டதாக நினைத்துக்கொள்கிறோம். மாறாது. ‘மெட்’ கோப்பு, தான் உருவான நாளின் எண்களோடுதான் இருக்கும். அதைப் புதிதாக உருவாக்க வேண்டும்.

மலைநாட்டில் இடத்தின் பெயரும் ஏமாற்றும். கண்டி நகரம் சுமார் 500 மீட்டர் உயரத்தில். நுவரெலியா 1,800 மீட்டருக்கும் மேலே. ஒன்றின் வெயிலும் வெப்பமும் மற்றதற்குப் பொருந்தாது. நகரத்துக்குள்ளேயே ஹந்தானை மலையடியில் இருக்கும் வீட்டுக்கும் கட்டுகஸ்தோட்டையில் திறந்த வெளியில் இருக்கும் வீட்டுக்கும் வெயில் விழும் நேரம் வேறு. அதனால் மலைவிளிம்பின் கோணங்களைச் சொல்லும் அடிவானக் கோப்பை வீட்டுக்கு வீடு புதிதாக அளந்து எழுத வேண்டும். பக்கத்துத் தெருவுக்கு எழுதியதை எடுத்து ஒட்டக்கூடாது.

எனக்கு மிகவும் கவலை தருவது நேரம். 1996 மே மாதம் இலங்கைக் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளினார்கள். அதே ஆண்டு ஒக்டோபரில் அரை மணி பின்னே இழுத்தார்கள். 2006 ஏப்ரலில்தான் கிரீன்விச் நேரத்துக்கு ஐந்தரை மணி முந்திய பழைய நேரத்துக்குத் திரும்பினோம். இடைப்பட்ட ஆண்டுகளில் ஊர்க் கடிகாரத்தைப் பார்த்துப் பதிந்த வெயில் அளவை இன்றைய நேரமாக எண்ணி மென்பொருளில் ஏற்றினால், சூரியன் அரை மணி பிந்தி உதிக்கும். அரை மணி என்பது வானத்தில் ஏழரைப் பாகை. காலை வெயில் நண்பகலை நோக்கி நகர்ந்துவிடும். மேற்குக் கூரை உள்ளதைவிட நல்லதாகவும் கிழக்குக் கூரை மோசமாகவும் தெரியும். காலையில் வெளுத்து, பின்னேரம் மேகம் கட்டும் நாட்கள் நிறைந்த நம் ஊரில், இது பேனலைத் தவறான பக்கத்தில் பூட்ட வைத்துவிடும்.

இந்தப் பிழையைக் கண்டுபிடிப்பது கடினமில்லை. கோப்பில் மேகமற்ற ஒரு நாளைத் தேடி வரைபடமாகப் பாருங்கள். கண்டியில் சூரியன் உச்சிக்கு வருவது சராசரியாகப் பகல் 12 மணி 7 நிமிடத்துக்கு. மாதத்தைப் பொறுத்துக் கால் மணி முன்பின்னாகும். வளைவின் உச்சி பன்னிரண்டரையைத் தாண்டி நின்றால் கோப்பை நம்பாதீர்கள். ஒவ்வொரு வரியும் அந்த மணியின் தொடக்கத்தைக் குறிக்கிறதா முடிவையா என்பதையும் கேளுங்கள். அங்கேயும் ஓர் அரை மணி ஒளிந்திருக்கலாம்.

கோப்பின் பெயரிலும் கவனம் வேண்டும். ‘கண்டி புதியது 2’ என்று பெயர் வைத்த கோப்பு அடுத்த வருடம் யாருக்கும் புரியாது. இடம், தரவு வந்த மூலம், ஆண்டுகள், நேர வலயம் நான்கும் பெயரிலேயே இருக்கட்டும். அறிக்கை தருபவரிடம் முழுத் திட்டத்தையும் ஒரே ஸிப் கோப்பாகக் கேட்டு வாங்கி, அறிக்கையோடு சேர்த்து வையுங்கள். மின் பட்டியல், அறிக்கை சொன்ன எண்ணோடு ஒத்துவராத மாதத்தில் அதைத்தான் திறக்க வேண்டியிருக்கும்.