காசு வாங்காமல் உழைக்கவா கடல் கடந்து போவது?
பூங்கா, நதிக்கரை அமைக்கும் படிப்பு மாணவர்களே, உஷார்!

"வெளிநாட்டுக் கம்பெனியிலே டிரெயினிங். சம்பளம் கிடையாது. ஆனா பேர் கிடைக்கும்!"

இப்படி ஒரு கடிதம் வீட்டுக்கு வந்தால் என்ன நடக்கும்? அம்மாவின் வளையல் அடகுக் கடைக்குப் போகும். அப்பா பி.எப். பணத்தில் கை வைப்பார். பிள்ளை விமானம் ஏறிவிடும்.

அங்கே போய் இறங்கிய பிறகுதான் தெரியும், அது பயிற்சியா, இல்லை கூலி இல்லாத வேலையா என்று!

கட்டடக் கலை, நகர வடிவமைப்பு, 'லேண்ட்ஸ்கேப்' என்ற நில அமைப்புக் கலை படிக்கும் மாணவர்கள் வெளிநாட்டுப் பயிற்சிக்குப் போவது புதிது அல்ல. கொடுத்து வாங்கும் பரிமாற்றமாக அது நடக்கும்போது மாணவருக்கும் லாபம், ஊருக்கும் லாபம். காகிதம் இல்லாமல், கணக்கு இல்லாமல் நடந்தால் இரண்டும் போச்சு.

இதோ முழு விவரம்:-

பூச்செடி வைக்கிற படிப்பா?

"அஞ்சு வருஷம் படிச்சிட்டு தோட்டக்காரன் வேலைக்கா போறே?" என்று கேட்கும் அப்பாக்கள் இன்றும் இருக்கிறார்கள்.

அது தோட்டக்காரர் வேலை மட்டும் அல்ல. மழை பெய்தால் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும்? எங்கே தேங்க வேண்டும்? பஸ் ஸ்டாப்பில் நிழல் விழ எந்த மரம், எத்தனை அடி தள்ளி? வயசானவர் நடந்து போகப் பாதை எவ்வளவு சரிவு? இதையெல்லாம் கணக்குப் போட்டு வரைபடம் போடுகிறவர்தான் லேண்ட்ஸ்கேப் நிபுணர்.

2015 டிசம்பரில் சென்னை மூழ்கியது. 2023 டிசம்பரில் 'மிக்ஜாம்' புயல் வந்தபோது மறுபடியும் மூழ்கியது. தண்ணீருக்கு இடம் விடாத ஊர் என்ன பாடுபடும் என்பதை வேளச்சேரிக்காரர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

தண்ணீருக்கு இடம் விட்ட ஊர்களும் உலகத்தில் இருக்கின்றன. அவற்றை நேரில் பார்த்துத் தொழில் கற்கத்தான் மாணவர்கள் போகிறார்கள்.

17 லட்சம் லிட்டர்

நெதர்லாந்து நாட்டின் ராட்டர்டாம் நகரில் பெந்தம்பிளைன் என்று ஒரு சதுக்கம். 2013-ம் ஆண்டு திறந்தார்கள். வெயில் அடித்தால் பையன்கள் அங்கே பந்து விளையாடுவார்கள். மழை கொட்டினால் அதே மைதானம் குளமாக மாறிவிடும். மூன்று தொட்டிகளிலும் சேர்த்துச் சுமார் 17 லட்சம் லிட்டர் தண்ணீர் பிடிக்கும். தெருவில் ஓடி வீட்டுக்குள் புக வேண்டிய தண்ணீர் அது!

சிங்கப்பூரில் பீஷான் - அங் மோ கியோ பூங்கா. அங்கே ஒரு காலத்தில் கல்லாங் ஆறு வெறும் சிமெண்டுக் கால்வாய். நம்ம ஊர் கால்வாய் மாதிரி நேர்க்கோடாக 2.7 கிலோ மீட்டர் நீளம். அந்தச் சிமெண்டை உடைத்து எடுத்தார்கள். ஆற்றை வளைந்து நெளிந்து ஓட விட்டார்கள். இப்போது அதன் நீளம் 3.2 கிலோ மீட்டர். 2012-ல் திறந்த அந்த 62 ஹெக்டேர் பூங்காவில் குழந்தைகள் ஆற்றில் கால் நனைக்கிறார்கள்.

இதைப் படத்தில் பார்த்தால் அழகு மட்டும்தான் தெரியும். அந்த மாதிரி வேலை நடக்கும் அலுவலகத்தில் மூணு மாசம் உட்கார்ந்தால்தான் சரிவு என்ன, செலவு என்ன, சேறு சேர்ந்தால் அள்ளுவது யார் என்பது புரியும். பயிற்சியின் மகிமை அதுதான்.

ஊர் சுற்றிய வாலிபர்

ஒரு ஆள் வெளியூர் போய்ப் பார்த்ததால் ஒரு நகரமே பலன் அடைந்த கதையும் உண்டு.

1850-ம் ஆண்டு. பிரடெரிக் லா ஓம்ஸ்டெட் என்ற அமெரிக்க வாலிபர் இங்கிலாந்தில் ஊர் ஊராக நடந்து சுற்றினார். வயது 28. லிவர்பூல் பக்கத்தில் பிர்க்கன்ஹெட் என்ற ஊரில் ஒரு பூங்காவைப் பார்த்து அசந்துபோனார். காரணம், அங்கே ஏழை, பணக்காரர் என்ற பேதம் இல்லாமல் எல்லோரும் உலாவினார்கள். அது பொதுமக்களுக்காக 1847-ல் திறந்த பூங்கா.

8 வருடம் கழித்து, 1858-ல், அதே ஓம்ஸ்டெட் நியூயார்க் நகருக்கு ஒரு பூங்காத் திட்டம் போட்டார். கூட்டாளி கால்வெர்ட் வாக்ஸ். அவரும் இங்கிலாந்திலிருந்து வந்தவர்தான்! அதுதான் 843 ஏக்கர் 'சென்ட்ரல் பார்க்'.

ஒருவன் அங்கே போனான், ஒருவன் இங்கே வந்தான். பலன் ஊருக்கு!

ஒண்ணு கொடு, ஒண்ணு வாங்கு

இந்தப் போக்குவரத்தை ஒழுங்காக நடத்த ஒரு அமைப்பு 1948-ல் லண்டன் இம்பீரியல் காலேஜில் உருவானது. பெயர் 'ஐயெஸ்டே'. உலக யுத்தம் முடிந்த கையோடு ஐரோப்பிய நாடுகள் சேர்ந்து ஆரம்பித்தவை இவை. நில அமைப்புக் கலைஞர்களின் உலகச் சம்மேளனம் கேம்பிரிட்ஜில் பிறந்ததும் அதே 1948-ல்தான்.

ஐயெஸ்டேயின் கணக்கு நம்ம பண்டமாற்று மாதிரி. ஒரு நாடு வெளிநாட்டு மாணவருக்கு ஒரு பயிற்சி இடம் கொடுத்தால், பதிலுக்கு அதன் மாணவருக்கு ஒரு இடம் கிடைக்கும். இடம் தரும் நிறுவனம் முதலிலேயே படிவம் எழுதிக் கொடுக்க வேண்டும். என்ன வேலை, எத்தனை வாரம், எவ்வளவு உதவித்தொகை என்று அதில் இருக்கும். தங்கிச் சாப்பிடும் செலவுக்கு அந்தத் தொகை போதுமானதாக இருக்க வேண்டும் என்பது ஏற்பாடு. விமானச் செலவு மட்டும் மாணவருடையது.

ஒளிவு மறைவு இல்லை. யாரும் யாருக்கும் தர்மம் போடவில்லை. பரிமாற்றம் என்றால் இதுதான் பரிமாற்றம்!

லண்டனில் வெடித்த விவகாரம்

ஆனால் எல்லா இடத்திலும் அப்படி நடக்கவில்லை.

2019-ம் ஆண்டு மார்ச் மாதம். லண்டனில் செர்பன்டைன் காலரி ஆண்டுதோறும் ஒரு கோடைக் கூடாரம் அமைக்கும். அந்த ஆண்டு அந்தப் பொறுப்பு ஜப்பானியக் கட்டடக் கலைஞர் ஜுன்யா இஷிகாமிக்குப் போனது. அப்போது அவரது அலுவலகம் ஒருவருக்கு அனுப்பிய பயிற்சிக் கடிதம் பத்திரிகையில் அம்பலமானது.

கடிதத்தில் இருந்தது என்ன? வாரத்துக்கு 6 நாள் வேலை. காலை 11 மணி முதல் நள்ளிரவு வரை. 8 முதல் 12 வாரம், அதற்கு மேலும் ஆகலாம். சம்பளம் கிடையாது. கம்ப்யூட்டரும் அதற்கான சாப்ட்வேரும் பயிற்சிக்கு வருகிறவரே கொண்டுவர வேண்டும்!

கூட்டிப் பாருங்கள். நாளுக்கு 13 மணி நேரம். வாரத்துக்கு 78 மணி நேரம். கூலி பூஜ்யம்!

உலகம் முழுவதும் கட்டடக் கலை மாணவர்கள் கொதித்து எழுந்தார்கள். "எங்கள் கூடாரத்தில் வேலை செய்யும் அத்தனை பேருக்கும் சம்பளம் தர வேண்டும்" என்ற நிலையை காலரி எடுத்தது. கட்டடக் கலையின் பெரிய பரிசான பிரிட்ஸ்கரை 2016-ல் வாங்கிய சிலி நாட்டு அலெகாந்த்ரோ அரவேனாவின் நிறுவனத்தையும் இந்தச் சர்ச்சை விடவில்லை. அந்த நிறுவனம் தன் பயிற்சித் திட்டத்தையே மூடிவிட்டது.

ஆகவே, பெரிய பேரைப் பார்த்து மயங்கக் கூடாது. பேருக்கு வீட்டுக்காரர் வீடு தரமாட்டார்.

அமெரிக்கா போனால்?

அண்ணா சாலை ஜெமினி மேம்பாலம் அருகே அமெரிக்கத் துணைத் தூதரகம். அங்கே பயிற்சிக்காகப் போகிறவர்கள் கேட்பது 'ஜே-1' விசா. அதன் விதிகளைத் தெரிந்துகொண்டால் பாதி ஏமாற்று வேலை அங்கேயே அடிபட்டுவிடும்.

படித்துக்கொண்டிருக்கும் மாணவர், அல்லது படிப்பு முடித்து 12 மாதம் தாண்டாதவர் 'இன்டர்ன்' ஆகப் போகலாம். அதிகபட்சம் 12 மாதம். பட்டமும், அதற்குமேல் வெளியே ஒரு வருட வேலை அனுபவமும் இருந்தால் 'டிரெய்னி'. அவருக்கு 18 மாதம் வரை.

முக்கியமான காகிதம் டி.எஸ்.-7002. இதுதான் பயிற்சித் திட்டம். என்ன கற்றுத் தருவார்கள், யார் மேற்பார்வை, பணம் உண்டா, எவ்வளவு என்பதெல்லாம் அதில் எழுதியிருக்க வேண்டும். மாணவர், மேற்பார்வையாளர், பொறுப்பேற்கும் அமைப்பு மூவரும் கையெழுத்துப் போட வேண்டும்.

எழுத்தர் வேலை 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. டீ வாங்கி வா, ஜெராக்ஸ் எடு என்று நாள் பூரா ஓட விட்டால் அது விதி மீறல். கைத்தொழில் அறிவு தேவைப்படாத கூலி வேலை கொடுக்கவே கூடாது. குழி தோண்டுவது பயிற்சி ஆகாது!

25 பேருக்குக் குறைவான ஆட்கள் உள்ள சின்ன நிறுவனம் புதிதாக மாணவரை எடுத்தால், பொறுப்பேற்கும் அமைப்பு நேரில் போய் அந்த இடத்தைப் பார்க்க வேண்டும் என்றும் விதி இருக்கிறது.

இன்சூரன்ஸ் கட்டாயம். நோய்க்கும் விபத்துக்கும் தலா குறைந்தது ஒரு லட்சம் டாலர். அவசரமாக நாடு திரும்ப 50 ஆயிரம் டாலர். உயிரே போய்விட்டால் உடலை ஊருக்கு அனுப்ப 25 ஆயிரம் டாலர். கேட்கவே கஷ்டமாக இருக்கலாம். ஆனால் பிள்ளையை அனுப்பும் பெற்றோர் இந்தக் காகிதத்தைக் கண்ணால் பார்க்காமல் விடக் கூடாது.

"டூரிஸ்ட் விசாவில் போய்ச் சேர். அப்புறம் பார்த்துக்கலாம்" என்று எந்தப் புரோக்கராவது சொன்னால் அந்த நிமிடமே எழுந்து வந்துவிட வேண்டும். சுற்றுலா விசாவில் போய் வேலை பார்ப்பது சட்ட விரோதம். மாட்டினால் திருப்பி அனுப்பப்படுவது மாணவர். புரோக்கர் இங்கே வேறு ஆளைத் தேடிக்கொண்டிருப்பார்.

அவர்களும் வருகிறார்கள்

நாம்தான் போய்க் கற்க வேண்டும் என்று நினைக்க வேண்டாம். அங்கிருந்தும் இங்கே வருகிறார்கள்.

புதுச்சேரி பக்கத்தில் ஆரோவில். 1968-ல் அது தொடங்கியபோது செம்மண் பொட்டல். மழை பெய்தால் மண் கரைந்து கடலுக்குப் போகும். வரப்புப் போட்டு, மரம் நட்டு, காடாக்கினார்கள். அங்கே 1989-ல் ஆரம்பித்த எர்த் இன்ஸ்டிடியூட்டில் மண்ணை அழுத்திச் செய்த கல்லால் வீடு கட்டும் வித்தையைக் கற்க வெளிநாட்டு மாணவர்கள் வருகிறார்கள்.

சென்னையில் குப்பையும் கட்டட இடிபாடும் கொட்டிக் கிடந்த அடையாறு கழிமுகத்தில் 58 ஏக்கரை மீட்டு, 2011-ல் தொல்காப்பியப் பூங்காவாகத் திறந்தார்கள். அந்த மீட்பு வேலையில் பங்கு கொண்டது ஆரோவிலின் பிச்சாண்டிக்குளம் குழு.

ஏரிக்குக் கீழே ஏரி, அது நிரம்பினால் அடுத்த ஏரி என்று சங்கிலி போட்டுத் தண்ணீரைக் காத்த ஊர் நம்ம ஊர். கோவில் குளமும் அந்தக் கணக்கில் சேர்ந்ததுதான். ராட்டர்டாம் 2013-ல் செய்த காரியத்துக்கு நம்மிடம் பல நூறு வருட அனுபவம் இருக்கிறது. ஆகவே வெளிநாடு போகும் நம்ம பிள்ளை பிச்சை கேட்டுப் போகவில்லை. கொடுக்கவும் கையில் சரக்கு வைத்திருக்கிறது.

கேட்க வேண்டிய 6 கேள்வி

பணம் கட்டுவதற்கு முன்னால் மாணவரும் பெற்றோரும் கேட்க வேண்டியவை இவை:-

1. சம்பளம் அல்லது உதவித்தொகை எவ்வளவு? எழுத்தில் உண்டா?

2. அந்த ஊரில் அறை வாடகை எவ்வளவு? உதவித்தொகை அதற்குப் போதுமா?

3. கற்றுத் தருகிறவர் யார்? அவர் பெயர் காகிதத்தில் இருக்கிறதா?

4. வாரத்துக்கு எத்தனை மணி நேரம்?

5. என்ன விசா? இன்சூரன்ஸ் யார் எடுப்பது?

6. இந்தப் பயிற்சியைக் காலேஜ் ஏற்றுக்கொள்ளுமா? இதை முன்கூட்டியே எழுத்தில் வாங்க வேண்டும். பி.ஆர்க். படிப்பில் நடைமுறைப் பயிற்சி ஒரு பகுதி. போய் வந்த பிறகு "இது செல்லாது" என்றால் பணமும் போய், மாதங்களும் போய்விடும்.

ஆறுக்கும் பதில் வந்தால் பிள்ளையைத் தைரியமாக அனுப்பலாம். ஒன்றுக்குக்கூட எழுத்தில் பதில் இல்லை என்றால், எவ்வளவு பெரிய கம்பெனியாக இருந்தாலும் அம்மாவின் வளையல் அம்மாவின் கையிலேயே இருக்கட்டும்!