ஈலிங் படச்சாலை

சலனப்படத் தொழில் பெரும்பொருளை வேண்டி நிற்பது. நாடகம் ஒன்றை நடத்துவதற்கு ஒரு கொட்டகையும் சில திரைகளும் போதும். படம் எடுப்பதற்கோ விளக்குகளும், பொறிகளும், நூற்றுக்கணக்கான தொழிலாளரும், பல மாதக் கூலியும் வேண்டும். ஆதலின் இத்தொழிலில் பொருள் மிகுந்தவனே வெல்வான் என்பது பலரது துணிபு. ஆங்கில நாட்டுப் படமுதலாளிகளுக்கு இது நெடுநாட் கவலையாக இருந்து வந்தது. அமெரிக்கரும் அவர்களும் பேசுவது ஒரே மொழி. ஆகவே ஹாலிவுட் படங்கள் தடையின்றி லண்டன் கொட்டகைகளில் புகுந்தன. சுதேசப் படங்களைக் காப்பதற்காக 1927-இல் பார்லிமெண்டு ஒரு சட்டம் இயற்றியது. கொட்டகைக்காரர் ஒவ்வொருவரும் குறிப்பிட்ட ஒரு பங்கு ஆங்கிலப் படங்களைக் காட்டியே ஆகவேண்டும் என்பது அதன் விதி. கணக்கை நிரப்புவதற்கென்றே மலிவான படங்கள் பல அவசரமாய் எடுக்கப்பட்டது அதனால் விளைந்த தீமை. ஒருபுறம் அமெரிக்கரைப்போலச் செலவிட முயன்று கடனில் மூழ்கியவரும், மறுபுறம் சட்டத்திற்காக மட்டும் படமெடுத்தவரும் இருந்த அந்நாளில், இரண்டுமல்லாத ஒரு வழியைக் கண்ட சிறிய நிறுவனம் ஒன்றின் வரலாற்றை ஈண்டுச் சுருக்கமாகக் கூறுவாம். அதன் பெயர் ஈலிங் ஸ்டூடியோ.

தோற்றம்

ஈலிங் என்பது லண்டன் மாநகரின் மேற்புறத்தில் உள்ள ஒரு பகுதி. ஊமைப்படக் காலத்தவரான வில் பார்க்கர் என்பவர் 1902-இல் அங்கே ஒரு மனையை வாங்கிப் படமெடுக்கத் தொடங்கினார். அன்றுதொட்டு அவ்விடத்தில் இத்தொழில் நடந்து வருவதால், உலகிலுள்ள படச்சாலைகளுள் மிகப் பழமையானது அதுவே என்பர். பேசும் படம் பிறந்த பின்னர், நாடக அரங்கில் புகழ்பெற்ற பாஸில் டீன் என்பார் ஒரு கம்பெனி கூட்டி, 1931-இல் ஒலிப்பதிவுக்கேற்ற புதிய கட்டிடங்களை அவ்விடத்தில் எழுப்பினார். லங்காஷயர் நாட்டுப்புறத்துப் பாடகியான கிரேஸி பீல்ட்ஸும், அதே நாட்டினரான ஜார்ஜ் பார்ம்பி என்னும் விகடகவியும் நடித்த படங்கள் அவருக்குப் பொருளீட்டித் தந்தன. ஆலைத் தொழிலாளர் தம் பேச்சையும் பாட்டையும் திரையிற் கேட்டு மகிழ்ந்தனர். ஆயினும் வேறு படங்கள் நஷ்டமாகவே, டீன் விலக நேர்ந்தது.

அவர் விட்ட இடத்தை 1938-இல் ஏற்றவர் மைக்கேல் பால்கன். பர்மிங்ஹாம் நகரில் 1896-இல் பிறந்த இவர் 1924-இல் கெயின்ஸ்பரோ என்னும் கம்பெனியை நிறுவியவர். ஆல்பிரட் ஹிட்ச்காக்கிற்கு டைரக்டராகும் வாய்ப்பை முதன்முதல் அளித்தவரும் இவரே. பின்னர் எம். ஜி. எம். என்னும் அமெரிக்கக் கம்பெனியின் லண்டன் கிளையில் சில காலம் பணியாற்றினார். அங்கே பொருளுக்குக் குறைவில்லை, சுதந்திரத்திற்கே குறைவு. அந்த அனுபவத்துடன் ஈலிங்கிற்கு வந்த பால்கன், தம் நாட்டு மக்களின் வாழ்வைத் தம் நாட்டாருக்கு விளங்கும் முறையிற் காட்டுவதே தமக்குரிய தொழில் எனத் தெளிந்தார். அவ்வாறு உண்மையாய் எடுத்த படத்தை அயலாரும் விரும்புவர் என்பது அவரது நம்பிக்கை.

போர் தந்த பாடம்

இந்நோக்கம் ஈடேறுதற்கு 1939-இல் மூண்ட உலகப்போர் எதிர்பாராத துணையாயிற்று. தபால் இலாகாவின் செய்திப்படப் பிரிவில் பணியாற்றிய கவல்காந்தி என்னும் பிரேஸில் நாட்டவரும், ஹாரி வாட் என்பவரும் ஈலிங்கில் வந்து சேர்ந்தனர். மீனவர், சுரங்கத்தொழிலாளர், தபாற்சேவகர் ஆகியோரை அவர்தம் வேலையிடத்திலேயே படமெடுத்துப் பழகிய பிரிவு அது. மாளிகைகளையும் பிரபுக்களையும் மட்டுமே கண்டு பழகிய திரைக்கு அவர்கள் சாதாரண மனிதனைக் கொண்டுவந்தனர்.

அதன் பயனை ‘ஸான் டெமீட்ரியோ லண்டன்’ என்னும் 1943-ஆம் ஆண்டுப் படத்தில் காணலாம். இது மெய்யாக நடந்த வரலாறு. 1940 நவம்பரில், பெட்ரோல் ஏற்றிவந்த ஸான் டெமீட்ரியோ என்னும் கப்பலை அட்லாண்டிக் கடல் நடுவே ஜெர்மானியப் போர்க்கப்பல் சுட்டது. கப்பல் தீப்பற்றவே மாலுமிகள் படகுகளில் இறங்கினர். ஒரு படகிலிருந்த 16 பேர் அலைகடலில் மிதந்து அலைந்தபின் ஒரு கப்பலைக் கண்டனர். அணுகிப் பார்த்தால் அது தாம் விட்டுவந்த கப்பலே, இன்னும் எரிந்துகொண்டிருந்தது. படகிலேயே குளிரில் மடிவதைவிடக் கப்பலில் ஏறுவதே மேலென்று துணிந்து ஏறினர், தீயை அணைத்தனர், இயந்திரத்தை ஓட்டினர், தேசப்படமும் திசைகாட்டியும் இன்றியே ஸ்காத்லாந்தின் கிளைட் துறை வந்து சேர்ந்தனர். இக்கதையில் தனித்தலைவன் ஒருவனும் இல்லை. பதினாறு பேரும் கூடிப் பேசி, கூடி உழைத்து, கூடி மீள்கின்றனர். ‘வென்ட் த டே வெல்?’ என்னும் 1942-ஆம் ஆண்டுப் படமும் இத்தகையதே. ஆங்கிலப் போர்வீரர்போல வேடமிட்டு வந்த ஜெர்மானியரை ஒரு கிராமத்தார் எதிர்த்து நிற்பதே அதன் கதை. அன்பான தபாலாபீஸ் அம்மையார் கோடரி எடுக்கும் காட்சி, பார்த்தவர் மனத்தை விட்டு நீங்காது.

நகைச்சுவைப் படங்கள்

போர் 1945-இல் முடிந்தது, பஞ்சம் முடியவில்லை. போர்க்காலத்திற்கூட ரேஷனில்லாதிருந்த ரொட்டிக்கு 1946-இல் ரேஷன் வந்தது. இறைச்சிக்கிருந்த ரேஷன் நீங்கியது 1954-இல்தான். ஒன்றாய் உழைத்து வென்ற மக்கள், இப்பொழுது வரிசையில் நின்று உத்தரவுச் சீட்டுகளோடு போராடினர். இந்த மனக்குறையை நகைப்பாக மாற்றியதே ஈலிங்கின் தனிச்சிறப்பு. 1947-இல் வெளிவந்த ‘ஹியூ அண்ட் க்ரை’ இவ்வரிசையின் தொடக்கம். குண்டு விழுந்து பாழான லண்டன் தெருக்களில் விளையாடும் சிறுவர் கூட்டம் ஒன்று திருடர்களை வளைத்துப் பிடிக்கும் கதை அது.

1949-ஆம் ஆண்டின் நடுவே சில வாரங்களுக்குள் மூன்று படங்கள் வெளிவந்தன. முதலாவது ‘பாஸ்போர்ட் டு பிம்லிகோ’. வெடிக்காது கிடந்த குண்டொன்று லண்டனில் பிம்லிகோப் பகுதியில் வெடிக்கிறது. பள்ளத்தில் புதையலும் ஒரு பழஞ்சாசனமும் அகப்படுகின்றன. அவ்விடத்தை முன்னாளில் ஆங்கில அரசன் பர்கண்டி நாட்டுப் பிரபுவிற்கு அளித்துவிட்டான் என்கிறது சாசனம். அப்படியாயின் அத்தெருவார் ஆங்கிலேயரே அல்லர். ரேஷன் சட்டமும் அவர்களைக் கட்டாது! மக்கள் களிப்புடன் ரேஷன் சீட்டுகளைக் கிழித்தெறிகின்றனர். மறுநாளே கள்ளவியாபாரிகள் வந்து குவிகின்றனர். அரசாங்கம் முள்வேலி கட்டுகிறது. உணவும் நீரும் நிற்கின்றன. வேலிக்கப்பாலிருந்து லண்டன் மக்கள் உணவுப் பொட்டலங்களை எறிந்து காக்கின்றனர். முடிவில் பிம்லிகோவினர் மகிழ்ச்சியோடு மீண்டும் ஆங்கிலேயராகின்றனர். ரேஷன் சீட்டும் திரும்புகிறது. உடனே மழையும் பெய்கிறது.

இரண்டாவதாகிய ‘விஸ்கி கலோர்’, ஸ்காத்லாந்தின் பாரா தீவிற்சென்று எடுக்கப்பட்டது. 1941-இல் அருகிலுள்ள எரிஸ்கே தீவினையடுத்துக் கப்பலொன்று விஸ்கிச் சரக்குடன் பாறையில் மோதிய நிகழ்ச்சியே கதைக்கு வித்து. கரையோரத்தில் சரக்குக் காத்துக் கிடக்க, சனிக்கிழமை நள்ளிரவு மணி அடிக்கிறது. ஓய்வுநாள் பிறந்துவிட்டதென்று தீவினர் அனைவரும் துடுப்பை வைத்துவிட்டு ஞாயிறு கழியும்வரை பொறுத்திருக்கின்றனர். சர்க்கார் சட்டத்தை மீறத் துணிந்தவர் வேதக்கட்டளையை மீறத் துணியவில்லை! மதுவை வெறுப்போரும் இக்காட்சியில் நகையாதிரார். மூன்றாவதாகிய ‘கைண்ட் ஹார்ட்ஸ் அண்ட் கொரொனெட்ஸ்’ வேறு வகையினது. தன் தாயைத் தள்ளிவைத்த பிரபுக் குடும்பத்தினரை ஒருவர்பின் ஒருவராகக் கொன்று பட்டம் பெற முயலும் ஒருவனது கதையை ராபர்ட் ஹேமர் மிக்க மரியாதையான மொழியில் சொல்கிறார். அக்குடும்பத்தினர் எண்மராகவும் அலெக் கின்னஸ் ஒருவரே நடித்தார்.

இவற்றைத் தொடர்ந்து வந்தவற்றுள் ‘த மேன் இன் த வைட் சூட்’ என்னும் 1951-ஆம் ஆண்டுப் படம் நம் சிந்தனைக்கு உரியது. கிழியாததும் அழுக்கேறாததுமாகிய துணி ஒன்றை ஓர் இளைஞன் கண்டுபிடிக்கிறான். உலகம் தன்னை வாழ்த்தும் என்று எண்ணுகிறான். துணி தேயாவிடில் வியாபாரம் நிற்குமென ஆலை முதலாளிகளும், வேலை போகுமெனத் தொழிலாளிகளும் ஒன்றுகூடி அவனைத் துரத்துகின்றனர். துணி வெளுத்துப் பிழைக்கும் கிழவி ஒருத்தி, இனித் தன் பிழைப்பு என்னாவது என்று கேட்கும்போது அவனிடம் விடையில்லை. விஞ்ஞானம் பயில்வோர் யாவரும் ஒருமுறை எதிர்கொள்ள வேண்டிய கேள்வி அது. அலெக்ஸாந்தர் மக்கெண்ட்ரிக் இயக்கிய இப்படம் எந்தக் கட்சிக்கும் சார்பாகத் தீர்ப்புக் கூறவில்லை.

தொழில்முறை

இத்தனையும் எவ்வாறு இயன்றது? ஆண்டிற்கு ஐந்தாறு படங்களே எடுத்த சிறிய சாலை அது. டைரக்டர்களும் கதையாசிரியர்களும் ஒரு வட்டமேசையைச் சுற்றி அமர்ந்து, ஒருவர் கதையை மற்றவர் தாராளமாகக் கண்டித்தும் திருத்தியும் பேசுவர். வெளியிலிருந்து புகழ்பெற்றவரை விலைக்கு வாங்காது, உள்ளிருந்தவரையே பால்கன் உயர்த்தினார். சார்ல்ஸ் கிரைட்டன், சார்ல்ஸ் பிரெண்ட், ஹேமர் ஆகிய மூவரும் படத்தொகுப்பாளராக இருந்து டைரக்டரானவர்கள். இளங்கனவான்களுக்குப் பால்கன் நடத்தும் கல்விச்சாலை என்று அவர்களே ஈலிங்கைக் கேலியாய்க் கூறிக்கொள்வர்.

கல்விச்சாலைக்குரிய குறைகளும் அங்கே இருந்தன. சம்பளம் மிகுதியில்லை. ஒழுங்கை விரும்பிய பால்கன், மனித உள்ளத்தின் கொடிய ஆசைகளைப் பற்றிய கதைகளுக்கு எளிதில் இசையார். ஹேமரைப் போன்றோர் அதனால் மனம் நொந்தனர். கதையெழுதிய டயானா மார்கன்போன்ற ஒரு சிலரைத் தவிர, அம்மேசையைச் சுற்றிப் பெண்களைக் காண்பதரிது.

முடிவு

1950-க்குப் பின் காலம் மாறிற்று. தட்டுப்பாடு தளர்ந்தது, டெலிவிஷன் வீட்டிற்குள் வந்தது, படச்செலவு ஏறியது. ஒரே தெருவார் ஒன்றுகூடி நிற்கும் கதையை மக்கள் முன்போல் நாடவில்லை. 1955-இல் ஈலிங் கட்டிடங்கள் பி. பி. ஸி. நிறுவனத்திற்கு விற்கப்பட்டன. அவ்வாண்டிலேயே வெளிவந்த ‘த லேடிகில்லர்ஸ்’ அக்காலத்திற்கு விடைகூறுவதுபோல அமைந்தது. சங்கீதக்காரரென்று சொல்லி ஒரு கிழவியின் வீட்டிற் குடிபுகுந்த ஐந்து கொள்ளைக்காரர், அவளைக் கொல்ல முயன்று, மனந்துணியாமலும் தம்முட் பகைத்தும் தாமே மாள்கின்றனர். சாயும் வீடும் பழைய மரியாதையும் உடைய அக்கிழவியைப் பழைய இங்கிலாந்தின் உருவகமாகக் கொள்வாரும் உளர். பால்கனின் குழுவினர் பின்னர் வேறிடத்திலிருந்து சில படங்கள் எடுத்தனர். 1959-இல் அதுவும் நின்றது. அவர் தலைமையில் வெளிவந்தவை ஏறத்தாழ நூறு படங்கள். 1977-இல் அவர் மறைந்தார். ஈலிங் கட்டிடங்கள் பின்னும் கை மாறின. ‘டவுன்டன் ஆபி’ என்னும் டெலிவிஷன் தொடரில் வேலைக்காரர் வாழும் சமையற்கட்டுக் காட்சிகள் அங்கேதான் எடுக்கப்பட்டன.

அருகிலுள்ளாரை அன்போடு உற்றுநோக்கியமையால் ஈலிங் சிறந்தது. அருகிலுள்ளார் மாறியபின்னரும் பழைய அயலாரையே எண்ணிக்கொண்டிருந்தமையால் அது தளர்ந்தது. பொருள் குறைவென்று அஞ்சிக் கலைத்தொழிலில் இறங்கத் தயங்கும் மாணவர்க்கு முன்னது ஊக்கமாகும். இறங்கி வெற்றி கண்டவர்க்குப் பின்னது எச்சரிக்கையாகும். வாய்ப்பு நேரும்போது ‘ஸான் டெமீட்ரியோ’வை முதலிலும், ‘பாஸ்போர்ட் டு பிம்லிகோ’வை அதன்பின்னும், ‘லேடிகில்லர்ஸ்’ படத்தை இறுதியிலும் நேயர்கள் காண்பாராக. பதினைந்தாண்டிற்குள் ஒரு நாடு தன்னைத்தானே எவ்வாறு கண்டுகொண்டது என்பது அம்மூன்றினாலும் விளங்கும்.