அணுவுலை நின்ற பிறகும் தொலைபேசி ஒலிக்க வேண்டும்

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. பள்ளி விடுமுறைக் காலம். எனக்கு அப்போது 12 வயது. காத்தோங்கில் எங்கள் வீட்டுத் தொலைக்காட்சியில் சென்னைக் கடற்கரையைக் காட்டியதுமே அம்மா எழுந்து தொலைபேசியிடம் போய்விட்டார். என் பெரியப்பா கல்பாக்கத்தை ஒட்டிய புதுப்பட்டினத்தில் மளிகைக்கடை வைத்திருந்தார். தேக்காவில் வாங்கிய தொலைபேசி அட்டையைச் சுரண்டி, எண்ணை அழுத்தி, காத்திருந்தால் ‘எங்கேஜ்’ ஓசைதான். இரவு வரை அதே ஓசை. அம்மாவுக்கு இரண்டு கவலைகள். ஒன்று, கடல் எவ்வளவு தூரம் உள்ளே வந்தது? இன்னொன்றை அவர் எங்களுக்குக் கேட்காதபடி அப்பாவிடம் சொன்னார்: “அங்கேதானே அந்த அணுவுலை இருக்கு?”

அந்த இரண்டாவது கேள்விக்கு விடை எனக்குப் பல ஆண்டுகள் கழித்து, ஆசிரியரான பிறகுதான் முழுதாகத் தெரிந்தது.

அன்று இந்திய நேரப்படி காலை 6.29 மணிக்குச் சுமத்ராவுக்கு அருகே கடலடியில் நிலம் நடுங்கியது. சுனாமி எவ்வளவு வேகத்தில் போகும் என்பதை நீங்களே கணக்கிடலாம். கடலின் ஆழத்தைப் புவியீர்ப்பு முடுக்கத்தால் பெருக்கி வர்க்கமூலம் காணுங்கள். ஆழம் 4,000 மீட்டர் என்றால், வினாடிக்கு ஏறத்தாழ 198 மீட்டர். அதாவது மணிக்கு 700 கிலோமீட்டருக்கும் மேல், விமானத்தின் வேகத்தை நெருங்கும் வேகம். கரை நெருங்க நெருங்க ஆழம் குறைவதால் வேகமும் குறையும், உயரம் கூடும். அந்த அலை கல்பாக்கத்தை அடையச் சுமார் இரண்டரை மணி நேரம் ஆனது.

அதே 2,000 கிலோமீட்டர் தூரத்தை ஒரு வானொலி அலை கடக்க நூறில் ஒரு பங்கு வினாடிகூடத் தேவையில்லை. செய்திக்கும் கடலுக்கும் நடந்த ஓட்டப் பந்தயத்தில் செய்தி எளிதாக வென்றிருக்க வேண்டும். ஆனால் அன்று செய்தி ஓடவே இல்லை. இந்தியப் பெருங்கடலுக்கென ஓர் எச்சரிக்கை அமைப்பு அப்போது இல்லை.

கல்பாக்கம் அணுமின் நிலையத்தில் இரண்டு உலைகள். ஒன்று பராமரிப்புக்காக நிறுத்தப்பட்டிருந்தது. மற்றொன்று ஓடிக்கொண்டிருந்தது. குளிர்விப்பதற்கான கடல்நீர், கடலுக்கு அடியில் ஏறத்தாழ அரை கிலோமீட்டர் நீளும் சுரங்கக் குழாய் வழியாக பம்ப் அறைக்கு வருகிறது. அந்தக் குழாய் வழியாகவே சுனாமியும் வந்தது. பம்ப் அறையில் நீர் ஏறி பம்புகள் நின்றன. அதைக் கண்ட கட்டுப்பாட்டு அறையினர் உலையைப் பாதுகாப்பாக நிறுத்தினர். வெளியிலிருந்து வரும் மின்சாரம் அறுபடவில்லை. அவசர டீசல் ஜெனரேட்டர்களும் தயாராக நின்றன. கதிர்வீச்சு எதுவும் வெளியேறவில்லை. அடுத்த மாதத் தொடக்கத்தில் அந்த உலை மறுபடி ஓடத் தொடங்கியது.

ஆனால் ஊழியர்களின் குடும்பங்கள் வாழ்ந்த கல்பாக்கம் நகரியத்திலும் சுற்றியிருந்த மீனவர் குப்பங்களிலும் பல உயிர்கள் போயின. எனக்கு இதில் உறுத்துவது இதுதான்: கடல் வருகிறது என்பதை உலைக்குச் சொல்லப் பம்ப் அறை இருந்தது. மனிதர்களுக்குச் சொல்ல எதுவும் இல்லை.

சரி, எங்கள் வீட்டு எங்கேஜ் ஓசைக்கு வருவோம். கம்பி அறுந்ததால் மட்டும் தொலைபேசி கிடைக்காமல் போவதில்லை. ஒரு தொலைபேசி நிலையம் ஒரே நேரத்தில் குறிப்பிட்ட எண்ணிக்கை அழைப்புகளையே இணைக்க முடியும். எல்லாரும் ஒரே நேரத்தில் பேச மாட்டார்கள் என்ற நம்பிக்கையில் கட்டப்பட்டது அது. பேரிடர் அன்றுதான் எல்லாரும் ஒரே நேரத்தில் பேசுவார்கள். கைப்பேசிக் கோபுரங்களுக்கும் இதே கதிதான். ஆகவே ஓர் அணுமின் நிலையம் பொதுமக்கள் பயன்படுத்தும் இணைப்பை மட்டும் நம்பி இருக்க முடியாது.

அதே நாளில் அந்தமானில் நடந்தது இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. டில்லியைச் சேர்ந்த பாரதி பிரசாத் என்ற பெண்மணி தலைமையில் ஒரு பயில்நிலை வானொலிக் குழு, பொழுதுபோக்கு ஒலிபரப்புக்காக போர்ட் பிளேருக்குப் போயிருந்தது. நிலநடுக்கத்தில் தொலைபேசிகள் முடங்கின. அவர்களுடைய சிற்றலை வானொலிக்கு நிலையமும் வேண்டாம், கோபுரமும் வேண்டாம். வளிமண்டலத்தின் மேலே உள்ள அயனி மண்டலத்தில் பட்டு அலை திரும்பித் தரைக்கு வரும். அந்த வழியில் தீவுகளிலிருந்து தலைநிலத்திற்குச் செய்திகள் போயின.

இப்போது ஒரு கேள்வி. உலைதான் நிறுத்தப்பட்டுவிட்டதே, பிறகு ஏன் இவ்வளவு பேச்சு? விளக்கை அணைப்பதுபோல அணுவுலையை அணைக்க முடியாது. அணுப்பிளவு நின்றாலும், பிளந்து கிடக்கும் கதிரியக்கப் பொருள்கள் சிதைந்துகொண்டே வெப்பத்தை வெளிவிடும். நிறுத்திய உடனே அது முழு வெப்பத்தில் ஏறத்தாழ 6 முதல் 7 விழுக்காடு. ஒரு நாள் கழித்தும் அரை விழுக்காட்டை ஒட்டி இருக்கும். அரை விழுக்காடுதானே என்கிறீர்களா? ஜப்பானின் புக்குஷிமா டாய்ச்சி நிலைய 3ஆம் உலையின் முழு வெப்பம் சுமார் 2,381 மெகாவாட். அதில் அரை விழுக்காடு என்பது கிட்டத்தட்ட 12 மெகாவாட். 2 கிலோவாட் மின்கேத்தல்கள் 6,000 ஒரே நேரத்தில் கொதிப்பதற்குச் சமம். அதற்கு நீர் போய்க்கொண்டே இருக்க வேண்டும். நீர் போகிறதா என்று பார்ப்பவரும், எந்த வால்வைத் திறப்பது என்று முடிவெடுப்பவரும், போய்த் திறப்பவரும் வெவ்வேறு இடங்களில் இருப்பார்கள். அவர்கள் பேசிக்கொள்ள முடியவில்லை என்றால்?

2011 மார்ச் 11 அன்று புக்குஷிமாவில் அதுதான் நடந்தது. பிற்பகல் 2.46க்கு நிலநடுக்கம். ஏறத்தாழ 50 நிமிடத்தில் பெரிய அலை. தாழ்வான இடங்களில் இருந்த ஜெனரேட்டர்களும் மின்பலகைகளும் மூழ்கின. முதல் ஐந்து உலைகளுக்கும் மாற்று மின்சாரம் இல்லாமல் போயிற்று. பம்ப் நின்றது என்பதைத்தான் செய்திகள் சொல்லின. அதே மின்சாரத்தில் ஓடிய உள்தொலைபேசிகளும் ஒலிபெருக்கிகளும் முடங்கின என்பது அவ்வளவாகப் பேசப்படவில்லை. கட்டுப்பாட்டு அறைக்கும் நிலைய இயக்குநர் மசாவோ யோஷிதா இருந்த அவசர மையத்துக்கும் இடையே மிஞ்சியவை ஒருசில நேரடித் தொலைபேசிகள்தாம். வெளியே வால்வைப் பார்க்கப் போனவர், பார்த்ததைச் சொல்லத் திரும்பி நடந்தே வரவேண்டியிருந்தது. இடிபாடுகளுக்கு இடையே, இருட்டில், கதிர்வீச்சில். அளவுமானிகளைப் படிக்க ஊழியர்கள் கார் பேட்டரிகளைக் கழற்றி வந்து இணைத்தார்கள்.

1ஆம் உலையில் மின்சாரம் இல்லாமலும் ஓடக்கூடிய ஒரு குளிர்விப்புக் கருவி இருந்தது. அது ஓடிக்கொண்டிருக்கிறது என்று அவசர மையம் நம்பியது. அதன் வால்வு மூடப்பட்டிருந்தது கட்டுப்பாட்டு அறைக்குத்தான் தெரியும். 3ஆம் உலையில் இன்னும் தெளிவான கணக்கு இருக்கிறது. 13ஆம் தேதி அதிகாலை 2.42க்கு உயர் அழுத்தத்தில் நீர் செலுத்தும் பம்பை இயக்குநர்கள் நிறுத்தினார்கள். வேறொரு பம்ப் அந்த வேலையை எடுத்துக்கொள்ளும் என்று எண்ணினார்கள். அது நடக்கவில்லை. அவசர மையம் இதை அறிந்தது 3.55க்கு. ஒரு மணி நேரத்திற்கும் மேலாக ஆறாயிரம் கேத்தல்கள் கொதிப்பதை மேலே இருந்தவர்கள் அறியவில்லை.

வேடிக்கை என்னவென்றால், தோக்கியோவில் இருந்த தலைமையகத்துடன் காணொளி இணைப்பு மட்டும் நன்றாக வேலை செய்தது. 12ஆம் தேதி மாலை, உலைக்குள் கடல்நீர் விடுவதை நிறுத்தும்படி அந்த இணைப்பில் யோஷிதாவுக்குச் சொன்னார்கள். அவர் அருகில் இருந்தவரிடம் மெதுவாக ‘நிறுத்தாதே’ என்று சொல்லிவிட்டு, எல்லாருக்கும் கேட்கும்படி உரக்க ‘நிறுத்து’ என்று ஆணையிட்டார். இணைப்பு இருப்பது வேறு, அதன் மறுமுனையில் இருப்பவருக்கு நிலைமை புரிவது வேறு.

அந்த அவசர மையம் அங்கே இருந்ததே ஒரு கதவின் புண்ணியம். 2007 ஜூலையில் ஜப்பானின் காஷிவஸாக்கி-கரிவா அணுமின் நிலையத்தில் நிலநடுக்கம் ஏற்பட்டு, ஒரு மின்மாற்றி தீப்பிடித்தது. தீயணைப்பு நிலையத்துக்கான நேரடித் தொலைபேசி அவசர அறைக்குள் இருந்தது. நடுக்கத்தில் அறைக் கதவு கோணி, திறக்கவே இல்லை! அதன் பிறகு அந்த நிறுவனம் தன் நிலையங்களில் நிலநடுக்கத்தைத் தாங்கும் தனிக் கட்டடங்களைக் கட்டியது. புக்குஷிமாவில் அது 2010 ஜூலையில் பயன்பாட்டுக்கு வந்தது, சுனாமிக்கு எட்டு மாதங்கள் முன்பு.

வேலிக்கு வெளியே நிலைமை மேலும் மோசம். நிலையத்திலிருந்து சுமார் 5 கிலோமீட்டர் தொலைவில், அரசு அதிகாரிகள் கூடி மக்களை வெளியேற்றுவது பற்றி முடிவெடுக்க ஒரு மையம் இருந்தது. அங்கும் மின்சாரம் போனது, அவசர ஜெனரேட்டரும் உதவவில்லை. துணைக்கோள் தொலைபேசியைத் தவிர மற்ற இணைப்புகள் பெரும்பாலும் செத்துப்போயின. சில நாளில் அந்த மையத்தையே காலிசெய்தார்கள். நாமியே என்ற சிற்றூரின் மேயர், வெளியேற்ற உத்தரவைத் தொலைக்காட்சியில் பார்த்தே அறிந்ததாகச் சொன்னார். அவ்வூர் மக்கள் பலர் வடமேற்கே சுஷிமா பகுதிக்குப் போய்த் தங்கினார்கள். கதிரியக்கத் துகள்களைக் காற்று கொண்டுபோனதும் அதே திசையில்தான்.

புயலும் இதைச் செய்யும். 1992 ஆகஸ்டில் ஆண்ட்ரூ சூறாவளி அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் டர்க்கி பாயிண்ட் அணுமின் நிலையத்தைத் தாக்கியது. உலைகளை முன்கூட்டியே நிறுத்தியிருந்ததால் ஆபத்து நேரவில்லை. ஆனால் வெளி மின்சாரம் ஐந்து நாளுக்கு மேல் இல்லை, வெளியுலகத் தொடர்பு நான்கு மணி நேரம் முற்றாக அறுந்தது. ஒன்றுக்குப் பல இணைப்புகள் வைத்திருந்தார்கள். எல்லாவற்றையும் ஒரே காற்று சாய்த்தது.

பொறியாளர்கள் இதைப் ‘பொதுக்காரணப் பழுது’ என்பார்கள். மழைக்கு இரண்டு குடை எடுத்துப்போய், இரண்டையும் ஒரே பையில் வைத்து, பையைப் பேருந்தில் விட்டுவிடுவது போல. மாற்று ஏற்பாடு எண்ணிக்கையில் கூடினால் போதாது. முதலாவதைக் கெடுத்த காரணம் இரண்டாவதைத் தொடாதிருக்க வேண்டும்.

துணைக்கோள் தொலைபேசி தரையிலுள்ள கோபுரத்தை நம்பாது, நல்லது. ஆனால் அதற்குத் திறந்த வானம் தேவை. மின்தூக்கிக்குள் உங்கள் கைப்பேசி தடுமாறுவதைப் பார்த்திருப்பீர்கள். ஒரு மீட்டர் தடிமனான, உள்ளே இரும்புக் கம்பி பின்னிய கான்கிரீட் சுவர் அதைவிடக் கடினம். ஆகவே வெளியே நிலையான அலைவாங்கியைப் பொருத்தி உள்ளே கம்பி இழுக்க வேண்டும். அந்த அலைவாங்கியைப் புயல் பிடுங்கிவிடக் கூடாது.

எனக்கு மிகவும் பிடித்தது பழைய ஒரு கருவி. கப்பல்களிலும் அணுமின் நிலையங்களிலும் பயன்படும், குரலின் ஆற்றலிலேயே இயங்கும் தொலைபேசி. பேட்டரி கிடையாது, மின் இணைப்பு கிடையாது. நீங்கள் பேசும்போது காற்று அதிர்ந்து மெல்லிய தகடு ஒன்றை அசைக்கிறது. அந்த அசைவு, கம்பிச்சுருளின் ஊடே செல்லும் காந்தப்புலத்தை மாற்றுகிறது. மாறும் காந்தப்புலம் மின்னோட்டத்தைத் தூண்டும் என்று உயர்நிலை நான்கில் படிக்கிறீர்களே, அந்த மின்காந்தத் தூண்டல்தான். அந்தச் சிறு மின்னோட்டம் கம்பி வழியே மறுமுனைக்குப் போய், அங்குள்ள தகட்டை அசைத்து மறுபடி குரலாகிறது. கம்பி அறாதவரை நகரமே இருண்டாலும் பேசலாம். பழைய சிறு ஒலிபெருக்கிகள் இரண்டை நீளமான இரட்டைக் கம்பியால் இணைத்து, ஒருவர் ஒன்றில் சத்தமாகப் பேச, அடுத்த வகுப்பறையில் மற்றொருவர் காதை ஒட்டிவைத்துக் கேட்டுப் பாருங்கள். மெலிதாகக் கேட்கும். என் மாணவர்கள் நம்பாமல் கம்பியைத் தொடர்ந்து போய் பேட்டரியைத் தேடினார்கள்.

கல்பாக்கத்துக்கு இப்போது எச்சரிக்கை உண்டு. 2007 அக்டோபரில் ஐதராபாத்தில் இந்தியச் சுனாமி முன்னெச்சரிக்கை மையம் செயல்படத் தொடங்கியது. நிலநடுக்கமானிகளும் கடலடியில் நீரழுத்தத்தை அளக்கும் கருவிகளும் தரும் தகவலை வைத்து, நடுக்கம் ஏற்பட்ட சில நிமிடங்களில் அறிக்கை அனுப்புகிறது. புக்குஷிமாவுக்குப் பிறகு இந்திய நிலையங்களில் நகர்த்தக்கூடிய ஜெனரேட்டர்களைச் சேர்த்தார்கள், வெள்ளத்தையும் நடுக்கத்தையும் தாங்கும் தனி அவசர மையங்களுக்குத் திட்டமிட்டார்கள். சுற்றுவட்டார மக்களோடு சேர்ந்த ஒத்திகையை இரண்டாண்டுக்கு ஒருமுறை நடத்த வேண்டும் என்பது விதி. ஊர்த்தெருவில் கடைசியாகச் செய்தியைக் கொண்டுசேர்ப்பது பெரும்பாலும் ஒலிபெருக்கி கட்டிய வண்டிதான். எனக்கு அதில் குறையொன்றும் தெரியவில்லை. அதற்கு இணையம் வேண்டாம்.

சிங்கப்பூரில் அணுமின் நிலையம் இல்லை. அன்றைய அணுவுலைத் தொழில்நுட்பங்கள் நம் சிறிய, நெருக்கமான தீவுக்குப் பொருந்தா என்று 2012இல் ஓர் ஆய்வு சொன்னது. 2014இல் சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகத்தில் அணுப் பாதுகாப்பு ஆராய்ச்சிக்கென ஒரு திட்டம் தொடங்கியது. 2024 ஜூலையில் அமெரிக்காவுடன் அணுசக்தி ஒத்துழைப்பு உடன்பாடும் கையெழுத்தானது. முடிவு எடுக்கப்படும் காலத்தில் நீங்கள் வாக்காளர்களாக இருப்பீர்கள். உங்களில் சிலர் பொறியாளர்களாகவும் இருக்கலாம். ஒவ்வோர் ஆண்டும் பிப்ரவரி 15 மாலை 6.20க்கு நம் வட்டாரங்களில் அபாயச் சங்கு ஒலிக்கும்போது, அந்தச் சங்குக்கு மின்சாரம் எங்கிருந்து வருகிறது, அது நின்றால் அடுத்தது என்ன என்று கேட்டுப் பாருங்கள்.

பெரியப்பாவிடமிருந்து மூன்றாம் நாள் அழைப்பு வந்தது. கடைக்குள் தண்ணீர் வரவில்லை. நகரியத்தில் இருந்த தெரிந்தவர்களைப் பற்றிப் பேசத் தொடங்கியவர் பாதியில் நிறுத்திவிட்டார். அட்டையில் பணம் தீர்ந்துவிட்டதோ என்று அம்மா “அண்ணே, அண்ணே” என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். இணைப்பு இருந்தது. அவரால்தான் பேச முடியவில்லை.