தீயில் வாட்டிய மூங்கில்

யாழ்ப்பாணத்து அரியாலையில் மூங்கில் தடி வாங்கிச் சுவரோரம் சாத்தி வைத்தவர்களுக்கு இது தெரிந்த காட்சிதான். சில மாதம் போனால் தடியின் அடியில் மாப்போல மஞ்சள் தூள் கொட்டியிருக்கும். உற்றுப் பார்த்தால் குண்டூசித் தலையளவு துளைகள். டைனோடெரஸ் என்ற சின்ன வண்டின் வேலை அது. மூங்கில் தன் திசுக்களில் சேமித்து வைத்திருக்கும் மாச்சத்தைத் தேடித்தான் அது வருகிறது. இலங்கை ஆற்றங்கரைகளில் வளரும் மஞ்சள் மூங்கிலில் மாச்சத்து மிகுதி என்பதால் அதுதான் முதலில் உளுக்கிறது.

வைரம் பாய்ந்த பனையைக் கறையான் லேசில் தொடாது. மூங்கிலுக்கு அந்த வைரம் இல்லை. பதப்படுத்தாத மூங்கிலை மண்ணில் நட்டால் 1 முதல் 3 ஆண்டு, கூரைக்குக் கீழே வைத்தால் 4 முதல் 7 ஆண்டு, அவ்வளவுதான் ஆயுள்.

இதற்கு ஜப்பானியர் நெடுங்காலமாகச் செய்துவரும் வழி தீயில் வாட்டுவது. பச்சைத் தடியைக் கரி நெருப்பின் மேல் மெல்லச் சுழற்றுகிறார்கள். சிறிது நேரத்தில் தோல் வியர்க்கும். பளபளவென்று மெழுகும் எண்ணெயும் கசியும். அது காயுமுன் துணியால் அழுத்தித் துடைக்க வேண்டும். பச்சை நிறம் மங்கும். பிறகு வெயிலில் காயவைத்தால் இளமஞ்சளாகும். சூட்டில் லிக்னின் இளகுவதால், வளைந்த தடியை அப்போதே நிமிர்த்தி ஈரத்துணியால் ஆற்றினால் அப்படியே நிற்கும். ஒன்றை மறக்கக் கூடாது: நெருப்பில் பிடிக்கும் முன் இரும்புக் கம்பியால் கணுக்களைத் துளைத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் உள்ளே அடைபட்ட காற்றும் நீராவியும் தடியை வெடிக்கவைக்கும்.

ஆலைகளில் இதையே அடைத்த சூளையிலோ சூடான எண்ணெயிலோ 160 முதல் 220 பாகை செல்சியஸ் வரை செய்கிறார்கள். அந்தச் சூட்டில், ஈரத்தை இழுத்துப் பிடிக்கும் ஹெமிசெல்லுலோஸ் சிதைகிறது. மூங்கில் கபில நிறமாகிறது, முன்போல ஈரம் குடிக்காது, பூஞ்சணமும் எளிதில் பிடிக்காது. ஆனால் 200 பாகையைத் தாண்டினால் முறியும் தன்மை கூடிவிடும். பாரம் தாங்க வேண்டிய தடிக்கு அவ்வளவு சூடு ஆகாது.

செம்பு, குரோமியம், ஆர்சனிக் கலந்த மருந்தில் ஊறவைத்தால் இன்னும் அதிக காலம் நிற்குமே என்று கேட்கலாம். நிற்கும். ஆனால் நாம் குடிப்பது சுண்ணாம்புக் கல்லுக்குள் தேங்கிய கிணற்று நீர். நிலத்தில் ஊற்றிய எதுவும் அந்தக் கல்லின் வெடிப்புகள் வழியே கீழே போய்விடும். சுன்னாகம் கிணறுகளில் எண்ணெய் மிதந்ததை நாம் மறந்திருக்க மாட்டோம். நச்சு மருந்து எதுவும் சேர்க்காத முறை என்பதால்தான் குடாநாட்டுக்கு நான் தீயைச் சொல்கிறேன்.

அதற்கும் எல்லை உண்டு. வாட்டுவதால் உள்ளிருக்கும் புழு சாகும். மாச்சத்து முழுதும் போகாது. ஆகவே மூன்று வயது கடந்த தடியாகப் பார்த்து வாங்கி, சில வாரம் தண்ணீரில் ஊறப்போட்டு, மாச்சத்துக் குறைந்த பின் உலர்த்தி வாட்டுங்கள். கதிரை, தட்டி, விறாந்தைக் கூரை ஆகியவற்றுக்கு அது நன்றாக உழைக்கும். வேலிக்கு மட்டும் நடாதீர்கள். ஈர மண்ணுக்குள் நிற்க வாட்டிய மூங்கிலாலும் முடியாது. அதற்குக் கதியாலே போதும்.