பிழைத்தால் மட்டும் போதுமா?



செய்யூர் பக்கத்தில் ஒரு குழுக் கூட்டம். சேமிப்பு, கடன் வரவு எல்லாம் நோட்டில் எழுதி முடித்த பிறகு ஓர் அக்கா எழுந்தார். "என் பேரனுக்கு ஈரல் கெட்டிருக்குன்னு டாக்டர் சொல்லிட்டாரு. புள்ள பொழைக்குமா?" என்று கேட்டார். கூட்டமே அமைதியாகிவிட்டது. எங்களுக்குத் தெரிந்த ஆறுதலைச் சொன்னோம். அப்போது பக்கத்தில் இருந்த மருமகள் மெதுவாகச் சொன்னார்: "பொழைக்குமான்னு எல்லாரும் கேக்கறாங்க. அவன் இன்னைக்கு சாப்பிட்டானா, ராத்திரி தூங்கினானான்னு யாரும் கேக்கல."

அந்தக் கேள்விக்காகத்தான் இந்தக் கட்டுரை.

குழந்தைக்குக்கூட ஈரல் கெடுமா?

'குடிச்சாதான் ஈரல் கெடும்' என்று நம்மில் பலர் நினைக்கிறோம். அது தவறு. பிறந்த குழந்தைக்கும் கல்லீரல் நோய் வரும். நாம் சாப்பிடும் கொழுப்பைச் செரிக்க வைக்கும் பித்தநீரைக் கல்லீரல்தான் சுரக்கிறது. அந்தப் பித்தநீர் குடலுக்குப் போக வழியில்லாமல் தேங்கினால் கல்லீரல் கொஞ்சம் கொஞ்சமாக இறுகிப் போகும். கை கால் மெலியும், வயிறு உப்பும், உடம்பெல்லாம் அரிக்கும். அரிப்பில் குழந்தை தூங்காது. குழந்தை தூங்காவிட்டால் தாயும் தூங்க முடியாது.

இப்படிப் பித்தநீர் தேங்குவதற்கு இரண்டு காரணங்களை இங்கே பார்ப்போம்.

முதலாவது, பித்தக்குழாய் அடைப்பு. பிறந்த குழந்தைக்கு வரும் மஞ்சள் காமாலை பெரும்பாலும் இரண்டு வாரத்தில் தானாகவே மறைந்துவிடும். 14 நாள் தாண்டியும் கண் மஞ்சளாக இருந்தால், மலம் சுண்ணாம்பு போல வெளுத்திருந்தால், சிறுநீர் துணியில் மஞ்சள் கறை பிடித்தால் ஒரு நாளும் தாமதிக்கக் கூடாது. வெயிலில் காட்டுவது, மந்திரிப்பது, கீழாநெல்லிச் சாறு கொடுப்பது என்று நாட்களைக் கடத்தக் கூடாது. ஜப்பான் நாட்டு மருத்துவர் மோரியோ கசாய் 1950களில் இதற்கு ஓர் அறுவை சிகிச்சையைக் கண்டுபிடித்தார். குழந்தைக்கு 60 நாள் ஆவதற்குள் செய்தால்தான் அதில் நல்ல பலன் கிடைக்கும். ஆகவே இந்த நோயில் ஒவ்வொரு நாளும் முக்கியம்.

இரண்டாவது, சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ். இது பரம்பரையாக வரும் அபூர்வ நோய். உடம்பில் சுரக்கும் நீர்களெல்லாம் பசை மாதிரி கெட்டியாகிவிடும். நுரையீரலில் சளி அடைத்து ஓயாத இருமல் வரும். கணையத்தில் அடைப்பதால் செரிமானம் கெட்டு, மலம் எண்ணெய்ப் பிசுக்காக, நாற்றத்தோடு போகும். நன்றாகச் சாப்பிட்டும் பிள்ளை தேறாது. பித்தக்குழாயிலும் இதே அடைப்பு வரலாம். இந்த நோயுள்ள 100 குழந்தைகளில் 5 முதல் 10 பேருக்குக் கல்லீரல் கடுமையாகப் பாதிக்கப்படுகிறது. ஆரம்பத்தில் வெளியே எதுவும் தெரியாது.

முத்தம் கொடுத்தால் உப்புக் கரிக்கிறதா?

உப்பளத்தில் வேலை செய்யும் நம்ம செய்யூர்ப் பெண்களுக்கு உப்பைப் பற்றி நாங்கள் சொல்லித் தர வேண்டியதில்லை. ஆனால் குழந்தையின் நெற்றியில் முத்தம் கொடுக்கும்போது அளவுக்கு மீறி உப்புக் கரித்தால், வேர்வை காய்ந்து தோலில் உப்புப் பூத்தால் கவனியுங்கள். இருமலும் மெலிவும் சேர்ந்திருந்தால் 'தோஷம் பட்டுடுச்சு' என்று விட்டுவிடாமல் டாக்டரிடம் இதைச் சொல்லுங்கள்.

1948ஆம் ஆண்டு கோடையில் நியூயார்க் நகரத்தில் கடும் வெயில் அடித்தது. நீர்ச்சத்து வற்றி மயங்கிய நிலையில் பல குழந்தைகள் மருத்துவமனைக்கு வந்தார்கள். அவர்களில் சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் உள்ளவர்கள் அதிகம் இருப்பதைப் பால் டி சாந்தாக்னீஸ் என்ற மருத்துவர் கவனித்தார். அவர்களின் வேர்வையில் உப்பு மிக அதிகமாக வெளியேறுகிறது என்று 1953இல் நிரூபித்தார். இன்றைக்கும் வேர்வையைச் சோதித்துத்தான் இந்த நோயைக் கண்டுபிடிக்கிறார்கள். வேலூர் சி.எம்.சி. போன்ற பெரிய மருத்துவமனைகளில் இந்தச் சோதனை உண்டு.

இதில் ஒரு எச்சரிக்கை. இந்தக் குழந்தைகளுக்கு வெயில் காலத்தில் உப்பு கூடுதலாகத் தேவை. ஆனால் கல்லீரல் கெட்டு வயிற்றில் நீர் கோத்துவிட்டால் உப்பைக் குறைக்க வேண்டும். ஒரே நோய், இரண்டு விதமான பத்தியம். அதனால் பக்கத்து வீட்டில் சொன்னார்கள் என்று உப்பைக் கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது. டாக்டர் சொல்லும் அளவுதான் சரி.

காஞ்சிபுரத்துப் பையன்

ஈரல் கெட்ட குழந்தை தேறுமா என்று கேட்பவர்களுக்கு நம் பக்கத்திலேயே பதில் இருக்கிறது. காஞ்சிபுரத்தைச் சேர்ந்த சஞ்சய் கந்தசாமி பித்தக்குழாய் அடைப்போடு பிறந்தவர். 1998 நவம்பரில், 20 மாதக் குழந்தையாக இருந்தபோது, டெல்லி அப்போலோ மருத்துவமனையில் அவருக்குக் கல்லீரல் மாற்று சிகிச்சை நடந்தது. அப்பாவின் கல்லீரலில் ஒரு பகுதியை எடுத்து மகனுக்கு வைத்தார்கள். இந்தியாவில் ஒரு குழந்தைக்கு வெற்றிகரமாக நடந்த முதல் கல்லீரல் மாற்று அதுதான். அந்தக் குழந்தை வளர்ந்து, படித்து, டாக்டராகிவிட்டார். வெட்டினாலும் திரும்ப வளரும் உறுப்பு கல்லீரல். அதனால்தான் உயிரோடு இருப்பவரே தானம் தர முடிகிறது.

அவர் உயிர் பிழைத்ததோடு நிற்கவில்லை, பள்ளிக்கூடம் போனார், தேர்வு எழுதினார், தனக்கென ஒரு வாழ்க்கையை அமைத்துக்கொண்டார் என்பதைக் கவனியுங்கள். எல்லாப் பிள்ளைக்கும் முடிவு இப்படியே அமையும் என்று நாங்கள் சொல்லவில்லை. ஆனால் இருக்கும் ஒவ்வொரு நாளும் நன்றாக இருக்க வேண்டும் என்பது எல்லாப் பிள்ளைக்கும் பொருந்தும்.

பிள்ளையையே கேளுங்கள்

நோயுள்ள குழந்தையின் அன்றாட வாழ்க்கை எப்படி இருக்கிறது என்று அறிய உலகம் முழுவதும் மருத்துவர்கள் 23 கேள்விகள் கொண்ட ஒரு படிவத்தைப் பயன்படுத்துகிறார்கள். அதில் நான்கு பகுதிகள். உடம்பு: நடக்க, ஓட முடிகிறதா? மனசு: பயமா, கோபமா, தூக்கம் வருகிறதா? நட்பு: மற்ற பிள்ளைகள் சேர்த்துக்கொள்கிறார்களா, கிண்டல் செய்கிறார்களா? பள்ளி: எத்தனை நாள் போக முடியவில்லை?

5 வயது ஆன குழந்தையிடம் நேராகவே கேட்கிறார்கள். ஏனென்றால் பெற்றோர் சொல்வதும் பிள்ளை சொல்வதும் பல நேரம் ஒத்துப்போவதில்லை. நமக்கு ஈரல் பெரிய கவலை. பிள்ளைக்கோ, தன் உப்பிய வயிற்றைப் பார்த்து மற்றவர்கள் சிரிப்பதுதான் பெரிய கவலையாக இருக்கலாம்.

நம் குழு என்ன செய்யலாம்?

1. தாயைக் குறை சொல்லாதிருப்போம். சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் வர அப்பா, அம்மா இருவரிடமிருந்தும் பழுதான மரபணு வந்திருக்க வேண்டும். இதில் மருமகள் ராசி எங்கே வந்தது?

2. மருத்துவமனைக்குத் துணையாக ஒருவர் போவோம். பஸ் செலவுக்குக் குழுவின் உள்கடன் தருவோம். கூலியை விட்டுவிட்டு அலையும் தாய்க்கு அதுவே பெரிய பலம்.

3. ஆசிரியரிடம் பேசுவோம். சாப்பாட்டோடு மாத்திரை போட, அடிக்கடி தண்ணீர் குடிக்க, கழிப்பறை போக அனுமதி வேண்டும். மண்ணீரல் வீங்கிய பிள்ளைக்கு வயிற்றில் அடிபடும் விளையாட்டு ஆகாது. எந்த விளையாட்டு ஆகும் என்று டாக்டரிடம் கேட்டு அதை விளையாட விடுவோம்.

4. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் கல்லீரல் மாற்று சிகிச்சையும் உண்டு. தகுதியுள்ள எந்த வீட்டிலும் கார்டு இல்லாமல் இருக்கக் கூடாது. நோய் வருமுன்பே எடுத்து வைப்போம்.

5. அங்கன்வாடிக்கும் பள்ளிக்கும் பரிசோதனைக்கு வரும் மருத்துவக் குழுவிடமும், கிராம சுகாதாரச் செவிலியரிடமும் சந்தேகத்தைத் தயங்காமல் கேட்போம்.

6. ரத்த வாந்தி, கறுத்த மலம், பிள்ளை சோர்ந்து மயங்குவது, இவற்றில் எது வந்தாலும் உடனே 108க்குப் போன் செய்வோம். வலிக்கும் காய்ச்சலுக்கும் கடையில் மாத்திரை வாங்கிக் கொடுக்கவே கூடாது.

அடுத்த கூட்டத்தில் உங்கள் ஊரில் இப்படி ஒரு பிள்ளை இருந்தால் அந்தத் தாயிடம் 'பொழைக்குமா' என்று கேட்காதீர்கள். "புள்ள இன்னைக்கு என்ன சாப்பிட்டான்? நீ தூங்கினியாம்மா?" என்று கேளுங்கள். உதவி அங்கிருந்துதான் தொடங்குகிறது.