பெற்றோல் மணம் எங்கிருந்து வந்தது?

பேசாலையிலிருந்து முருங்கனுக்கு ஒரு கலியாணத்துக்குப் புறப்பட்டோம். 2023ஆம் ஆண்டு ஆனி மாதம். சோளகக் காற்று பலமாக வீசிக்கொண்டிருந்த காலம். பெரியப்பாவின் மொறிஸ் மைனர் வண்டியில் ஏறி அமர்ந்த கணமே அவருடைய பேத்தி மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

“அப்பப்பா, பெற்றோல் மணக்குது.”

“பழைய கார் என்றால் அப்படித்தான் பிள்ளை. கண்ணாடியை இறக்கிவிடு,” என்றார் பெரியப்பா.

நாமும் அதையே நம்பினோம். 1960ஆம் ஆண்டில் செய்த வண்டி. அதற்கென்று ஒரு மணம் இருப்பது இயல்புதானே என்று எண்ணினோம். சிறிது தூரம் சென்றதும் எமக்கு மணமே தெரியவில்லை. குழந்தை மட்டும் தலைசுற்றுகிறது என்று தாயின் மடியில் சாய்ந்துவிட்டாள். பின்னர்தான் அறிந்தோம், மணம் நீங்கவில்லை, எமது மூக்குத்தான் பழகிவிட்டது என்பதை. ஒரே மணத்தைத் தொடர்ந்து முகர்ந்தால் சில நிமிடங்களிலேயே மூக்கு அதனை உணராது போய்விடும். ஆதலால் வண்டியில் மணம் உண்டா என்று அறிய வேண்டுமாயின், ஓட்டுபவரைக் கேட்பதிற் பயனில்லை. வெளியிலிருந்து புதிதாக வந்து ஏறுபவரைக் கேட்க வேண்டும்.

மன்னார் நகரைக் கடந்து, தீவையும் பெருநிலத்தையும் இணைக்கும் தாம்போதியில் ஏறினோம். 2010ஆம் ஆண்டு திறக்கப்பட்ட புதிய பாலத்தைத் தாண்டித் தள்ளாடியை நெருங்கும்போது இயந்திரம் இருமத் தொடங்கி, ஈற்றில் நின்றுவிட்டது. பொனற்றைத் திறந்தால், காபுரேற்றரின் மிதவைக் கிண்ணத்து மூடியோரமாகப் பெற்றோல் வழிந்து துளித்துளியாகக் கீழே விழுந்துகொண்டிருந்தது. இந்த வண்டியில் காபுரேற்றரும் புகைக்குழாயும் இயந்திரத்தின் ஒரே பக்கத்தில், ஒன்றன் மேல் ஒன்றாக அமைந்தவை. எனவே துளி விழுந்த இடம், பல மைல் ஓடிக் கொதித்துக் கிடந்த இரும்பு.

உதவிக்கு ஓடிவந்தவர்களுள் ஒருவர் வாயிற் புகைந்த சுருட்டோடு எட்டிப் பார்க்கக் குனிந்தார். நாம் போட்ட கூச்சலில் அவர் பாய்ந்து விலகினார். அன்று வீசிய காற்று ஆவியைத் திரளவிடாமல் அள்ளிச் சென்றதனாலேயே தப்பினோம். குழந்தையை முதலில் இறக்கித் தூரத்தில் நிறுத்திய பின்னரே எமக்கு மூச்சு வந்தது.

இவ்விடத்தில் மாணவர்களுக்குச் சிறிது பௌதிகம். பெற்றோல் என்னும் திரவம் தானாக எரிவதில்லை; அதன் ஆவியே எரிகிறது. மண்ணெண்ணெய் ஏறத்தாழ 38 பாகை செல்சியஸுக்கு மேல் சூடானாலன்றித் தீப்பற்றுமளவு ஆவியைக் கொடாது. பெற்றோலோ, பூச்சியத்துக்குக் கீழே 40 பாகையிலும் அத்தகைய ஆவியைக் கொடுக்கும். மன்னார் வெயிலில் அது எப்பொழுதும் ஆயத்தமாகவே இருக்கிறது எனலாம். காற்றில் நூற்றுக்கு ஒன்றரைப் பங்களவு ஆவி கலந்தாலே ஒரு பொறி போதும். மேலும் அந்த ஆவி காற்றைவிட மூன்று நான்கு மடங்கு பாரமானது. மேலெழுந்து கலைந்து போகாமல் டிக்கியின் அடியிலும் வண்டிக் கொட்டிலின் மூலையிலும் தங்கி நிற்கும்.

எம்மவரிடம் இதைப்பற்றிய அலட்சியம் உண்டு. அதற்கு ஒரு காரணமும் உண்டென்பது எமது கருத்து. 1990களில் பொருளாதாரத் தடை நிலவியபோது யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஒஸ்ரின்களும் மொறிஸ்களும் மண்ணெண்ணெயில் ஓடின. தொடக்கத்துக்கு மட்டும் காபுரேற்றருக்குள் சிறிது பெற்றோலைத் துளித்து, இயந்திரம் சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். மீன்பிடி வள்ளங்களின் வெளியிணைப்பு இயந்திரங்களும் அவ்வாறே மண்ணெண்ணெயில் ஓடுவதைக் கரையோரத்தில் இன்றும் காணலாம். மண்ணெண்ணெயோடு பழகிய கை பெற்றோலையும் அதே பக்குவத்தில் கையாளுகிறது. ஒன்று பொறுக்கும், மற்றது பொறுக்காது.

கதைக்கு வருவோம். கலியாணத்துக்கு வேறு வாகனத்தில் போய்ச் சேர்ந்தோம். மொறிஸ் மைனர் ஒரு லான்ட்மாஸ்டரின் பின்னால் கயிற்றில் கட்டுண்டு, வந்த வழியே மன்னார் நகருக்குத் திரும்பியது. பெரியப்பாவுக்கு அது பெரும் அவமானம். இரண்டு நாள் அவர் யாரோடும் பேசவில்லை.

இதற்கு முன்னரும் இந்த மணத்துக்காக வண்டி ஒரு கராஜுக்கு இரண்டு முறை போயிருந்தது என்பது அப்பொழுதுதான் வெளிவந்தது. அங்கே ஒவ்வொரு முறையும் மிதவைக் கிண்ணத்தைத் திறந்து ஊசியைத் துடைத்து மூடியிருக்கிறார்கள். ஒரு மாதம் மணம் இராது. பின்னர் மீண்டும் வரும். போதாக்குறைக்கு, மிஞ்சி வழியும் பெற்றோலைப் புகைக்குழாய்க்கு அப்பால் தரையை நோக்கி இறக்கிவிடும் சிறு குழாயையும் கழற்றியவர்கள் திரும்பப் பூட்டவில்லை. சிறு குழாய்தான், ஆனால் வண்டியைச் செய்தவர்கள் அதை அழகுக்காக வைக்கவில்லை.

இம்முறை நகரத்திலுள்ள முதிய மெக்கானிக் ஒருவரிடம் விட்டோம். அவர் எடுத்தவுடன் எதையும் கழற்றவில்லை. “தம்பி, சுவிச்சைப் போடுங்கள். இயந்திரத்தை இயக்க வேண்டாம்,” என்றார். பின்பு தலையைச் சாய்த்துச் செவிகொடுத்தார்.

மொறிஸ் மைனரில் பெற்றோலை இழுப்பது மின்பம்பு. சுவிச்சைப் போட்டதும் அது ‘டிக், டிக்’ என்று அடித்து மிதவைக் கிண்ணத்தை நிரப்பும். கிண்ணம் நிறைந்ததும் மிதவை உயர்ந்து ஊசியை மேலே தள்ளி வழியை அடைக்கும், பம்பு மௌனமாகும். இயந்திரம் ஓடாத நிலையில் அது விடாது அடிக்குமாயின், ஒன்று பெற்றோல் எங்கோ வெளியே போகிறது. அல்லது தாங்கி வெறுமையாகி அல்லது குழாய் வெடித்துப் பம்பு காற்றைக் குடிக்கிறது. எமது வண்டியில் அடித்தல் நிற்கவேயில்லை. உடனே சுவிச்சை நிறுத்தச் சொல்லி, பற்றரியின் கம்பியையும் கழற்றிவைத்தார். பம்பின் உள்ளேயே பொறியுண்டாகும் தொடுமுனைகள் இருக்கின்றன என்பதை அவர் சொல்லித்தான் அறிந்தோம்.

கிண்ணத்தைத் திறந்தார். ஊசியின் நுனியில் செம்மண் போன்ற ஒரு துகள். விரலில் எடுத்து எமக்குக் காட்டி, “இது காபுரேற்றரில் விளைந்ததில்லை. எங்கிருந்தோ பயணப்பட்டு வந்தது,” என்றார்.

பின்பு பெரியப்பாவிடம் ஒரு வினா: “ஐயா, பெற்றோல் நிரப்பிய அன்று மணம் கூடவா, குறைந்த அன்று கூடவா?”

பெரியப்பா விழித்தார். உடன் வந்திருந்த பேத்திதான் விடை சொன்னாள்: “பெற்றோல் அடித்த அன்றைக்குப் பின் சீற்றில் மணக்கும். மற்ற நாளில் கார் நின்ற பிறகு முன்னால் மணக்கும்.”

முதியவர் சிரித்துவிட்டார். இரண்டு மணங்கள்! அரைப் பங்கு வேலை அங்கேயே முடிந்துவிட்டது. தாங்கி நிறைந்திருக்கும்போது மட்டும் மணந்தால், ஓட்டை தாங்கியின் மேற்பகுதியில் உண்டு என்பது பொருள்: நிரப்பும் வாயின் இறப்பராகவோ, அளவுகாட்டி பொருந்தும் இடத்துக் கஸ்கற்றாகவோ, மேற்றகடாகவோ இருக்கலாம். ஓடி நின்ற பின்னர் முன்புறத்தில் மணந்தால் காபுரேற்றரைப் பார்க்க வேண்டும். புகைக்குழாயிலிருந்து மணமும் கரும்புகையும் வந்தால் கலவையிற் பெற்றோல் மிகுந்துவிட்டது. இயந்திர எண்ணெயின் அளவுகோலை இழுத்து முகர்ந்தால் பெற்றோல் மணக்குமாயின், அது வேறு விதம். இயந்திரத்தால் இயங்கும் பம்பு பூட்டிய ஒஸ்ரின் போன்ற வண்டிகளில் பம்பின் தோற்சவ்வு கிழிந்து எண்ணெயோடு பெற்றோல் கலப்பதுண்டு.

டிக்கியின் அடியிலிருந்த தாங்கியை இறக்கினார்கள். அதன் மேற்புறத்தில் விரல் தடிப்புக்கு மணலும் சேறும் படிந்திருந்தன. மன்னாரில் வீசும் காற்றில் உப்பு உண்டு. அந்த மண்ணில் உப்பு தங்கி, ஈரத்தைப் பிடித்துவைத்து, தகட்டை மெல்ல மெல்லத் தின்றிருக்கிறது. சுரண்டிப் பார்த்தபோது ஊசித்துளைகள் நான்கைந்து தெரிந்தன. கவிழ்த்துத் தட்டியபோது உள்ளிருந்து கறள் செதில் செதிலாகக் கொட்டியது.

உள்ளே கறள் பிடித்ததற்குக் காலத்தையே குறை சொல்ல வேண்டும். 2022ஆம் ஆண்டின் எரிபொருள் தட்டுப்பாட்டில், வரிசையில் நிற்க மனமில்லாத பெரியப்பா வண்டியைத் தென்னோலைக் கொட்டிலில் பல மாதம் நிறுத்திவிட்டார். தாங்கியில் கால்வாசி பெற்றோல், மிகுதி காற்று. பகலில் சூடேறி இரவிற் குளிரும்போது அந்தக் காற்றிலுள்ள ஈரம் தகட்டில் வியர்த்து வழியும். அந்தக் கறளே குழாய்வழி சென்று ஊசியில் மாட்டி, ஊசியை மூடவிடாமல் தடுத்தது. தாங்கியைப் பாராது ஊசியை மட்டும் எத்தனை முறை துடைத்தால் என்ன?

ஓட்டையை வெல்டிங் வைத்து அடைக்கலாமே என்று நாம் கேட்டோம். முதியவரின் முகம் மாறியது. பெற்றோல் நிறைந்த தாங்கியைவிட வெறுந் தாங்கியே கொடியது என்றார். உண்மை அதுவே. நிறைந்த தாங்கியில் வெடிப்பதற்குக் காற்றுக்கு இடம் குறைவு. வடித்த தாங்கியிலோ தகட்டின் மடிப்புகளில் ஒட்டியிருக்கும் சொற்பப் பெற்றோல் ஆவியாகிக் காற்றோடு சரியான அளவில் கலந்து நிற்கும். நீராவி பாய்ச்சிப் பலமுறை கழுவி, உள்ளே நீர் நிரப்பிப் பற்றவைக்கும் முறை உண்டு. ஆனால் அது கைதேர்ந்தவர்க்கு மட்டுமே உரியது. சவர்க்காரக் கட்டியை ஓட்டையில் அழுத்தித் தேய்ப்பதும் நம்மவர் அறிந்த உபாயம். சவர்க்காரம் பெற்றோலிற் கரையாதாகையால் சிறிது நேரம் தாங்கும். அது கராஜுக்குப் போய்ச் சேரும் வரைக்கும் போதுமேயன்றி, அதனோடு கலியாணத்துக்குப் புறப்படலாகாது.

கொழும்பு பஞ்சிகாவத்தையில் பழைய உதிரிப்பாகங்களுக்குக் குறைவில்லை. அங்கிருந்து கறளில்லாத தாங்கி ஒன்று வரவழைக்கப்பட்டது. இறப்பர்க் குழாய்த் துண்டுகள் யாவும் மாற்றப்பட்டன. முன்பு யாரோ தண்ணீர்க் குழாய்த் துண்டொன்றைச் செருகியிருந்தார்கள். அது பெற்றோலில் ஊறிப் பஞ்சாகியிருந்தது. எரிபொருளுக்கென்று செய்த இறப்பர் வேறு, தண்ணீருக்கென்று செய்த இறப்பர் வேறு. தமிழ்நாட்டில் பழைய வண்டி வைத்திருக்கும் உறவினர்க்கு இது இன்னும் முக்கியம். 20 சதவீதம் எதனோல் கலந்த பெற்றோல் 2025ஆம் ஆண்டளவில் இந்தியாவெங்கும் வந்துவிட்டது. பழங்கால இறப்பர் அதற்கென்று செய்யப்பட்டதன்று. பம்புக்கு முன்னால் ஒரு சிறு வடிகட்டியும், வழியும் பெற்றோலுக்கான அந்தச் சிறு குழாயும் தத்தம் இடத்தில் ஏறின.

வீட்டிலே செய்யக்கூடியவை சிலவும் உண்டு. மணம் வந்தால் தீக்குச்சியோடு தேட வேண்டாம். கைவிளக்கோடு, வண்டியை வெளியில் நிறுத்தி, ஆறியபின் தேடுங்கள். இரவில் வண்டியின் அடியில் ஒரு வெள்ளைக் கடதாசியை விரித்துவைத்தால் காலையில் கறை சொல்லிவிடும். பெற்றோல் உடனே ஆவியாகிவிடுமாதலால் கடதாசியில் ஈரமின்றி வளையம் மட்டும் இருக்கக்கூடும். டிக்கியில் வள்ளத்துக்கென்று கொண்டுபோன கலன் சிந்திய மணமாகவும் இருக்கலாம். விரிப்பைக் கழற்றி வெயிலிற் போட்டுவிட்டுப் பிறகு ஐயுறுங்கள். வாசனைத் தைலம் தொங்கவிடுவது மட்டும் ஆகாது. அது திருடனுக்குப் போர்வை கொடுப்பது போன்றது. தீப்பற்றினால் தண்ணீரை ஊற்றாதீர்கள்; பெற்றோல் நீரின்மேல் மிதந்து பரவும். மணல் போடுங்கள். மன்னாரில் மணலுக்கா பஞ்சம்?

வேலை முடிந்த அன்று முதியவர் மீண்டும் சுவிச்சைப் போடச் சொன்னார். பம்பு ஏழெட்டு முறை அடித்து நின்றது. நாம் எல்லோரும் காத்திருந்தோம். அது மீண்டும் அடிக்கவில்லை. பெரியப்பா கதவைத் திறந்து பேத்தியை முதலில் ஏற்றினார். அவள் பின் சீற்றில் அமர்ந்து நன்றாக மூச்சை இழுத்துப் பார்த்துவிட்டுத் தலையை அசைத்த பின்னரே அவர் சாரதி ஆசனத்தில் ஏறினார்.

பழைய தாங்கியைக் கேட்டோம், முதியவர் தரவில்லை. யாராவது மலிவாய் வாங்கி ஒட்டவைக்கத் துணிவார்கள் என்று, அதில் இரண்டு பெரிய துளைகளை ஆணியடித்துத் திறந்து, நீர் நிரப்பிப் பின்வளவில் வைத்திருக்கிறார்.