குரோமில் ஓட்டை என்றால் பிரவுசரையே மாற்ற வேண்டுமா?

‘குரோம் பயன்படுத்துபவர்களுக்கு எச்சரிக்கை!’ - அவ்வப்போது இப்படி ஒரு மெசேஜ் வாட்ஸ்அப் குரூப்களில் சுற்றும். பெரும்பாலும் மத்திய அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் வெளியிட்ட அறிவிப்புதான் அதற்கு அடிப்படை. உடனே குரூப்பில் ஒருவர், “அதுக்குத்தான் நான் அப்பவே வேற பிரவுசருக்கு மாறிட்டேன்” என்பார். மாறினால் தப்பித்துவிடலாமா?

ஒரு காலத்தில் தப்பிக்க முடிந்தது. 2010 ஜனவரியில், சீனாவிலிருந்து தங்கள் மீது சைபர் தாக்குதல் நடந்ததாக கூகுள் அறிவித்தது. ஹேக்கர்கள் பயன்படுத்தியது இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரில் அதுவரை சரிசெய்யப்படாமல் இருந்த ஒரு ஓட்டையை. மைக்ரோசாஃப்ட் அதை அடைக்கும் வரை வேறு பிரவுசரைப் பயன்படுத்தும்படி ஜெர்மனி, பிரான்ஸ் அரசுகளின் பாதுகாப்பு அமைப்புகளே சொல்லிவிட்டன. அவசர அப்டேட் வந்தது ஜனவரி 21-ல். அதுவரை ஃபயர்பாக்ஸுக்குத் தாவியவர்கள் செய்தது சரிதான். இரண்டும் உள்ளுக்குள் வேறு வேறு.

இப்போது கதை வேறு. இணையப் பக்கத்தைப் படித்து ஸ்க்ரீனில் காட்டுவது பிரவுசருக்குள் இருக்கும் என்ஜின். குரோம், எட்ஜ், பிரேவ், ஓபரா, சாம்சங் இன்டர்நெட் எல்லாமே குரோமியம் என்ற ஒரே அடித்தளத்தில் உருவானவை. கடை போர்டுதான் வேற, கிச்சன் ஒண்ணுதான்! குரோமியத்தில் ஓட்டை என்றால் இவை எல்லாவற்றுக்கும் தலைவலி. இந்தியாவில் ஐபோனில் எந்த பிரவுசரை வைத்தாலும் உள்ளே ஓடுவது ஆப்பிளின் வெப்கிட்.

ஃபயர்பாக்ஸுக்குச் சொந்த என்ஜின் உண்டே? உண்டு. ஆனால், 2023 செப்டம்பரில் சிக்கியது என்ஜின் அல்ல; ‘வெப்பி’ வகைப் படங்களைத் திறக்க எல்லோரும் பொதுவாகப் பயன்படுத்திய ஒரு சின்ன கோடு தொகுப்பு. வில்லங்கமான ஒரு படத்தை பிரவுசர் லோட் செய்தாலே ஆபத்து, எதையும் க்ளிக் செய்யக்கூட வேண்டாம். குரோம் செப்டம்பர் 11-ல் சரிசெய்தது, ஃபயர்பாக்ஸ் மறுநாள். சிக்னலின் டெஸ்க்டாப் ஆப் கூட அப்டேட் ஆக வேண்டியிருந்தது. அன்று எந்த பிரவுசர் என்பதைவிட, யார் சீக்கிரம் அப்டேட் செய்தார்கள் என்பதுதான் முக்கியமாக இருந்தது.

அப்டேட் வெளியானதும் ஆபத்து முடிவதில்லை. எந்த இடத்தில் மாற்றம் செய்திருக்கிறார்கள் என்று பார்த்தே ஓட்டை எது எனக் கண்டுபிடித்துவிடும் ஆட்கள் இருக்கிறார்கள். இந்த இடைவெளியைக் குறைக்கத்தான் 2023 ஆகஸ்ட் முதல் குரோம் வாரம்தோறும் பாதுகாப்பு அப்டேட் தருகிறது. அது தானாகவே டவுன்லோடும் ஆகிவிடும். ஆனால், பிரவுசரை மூடித் திறந்தால்தான் வேலை செய்யும். நாற்பது டேப்களைத் திறந்து வைத்துக்கொண்டு, லேப்டாப்பை ஸ்லீப்பில் மட்டுமே போடுபவர்கள் மாட்டுவது இங்கேதான். மேலே வலது மூலையில் அப்டேட் பட்டன் தெரிந்தால், “அப்புறம் பார்க்கலாம்” வேண்டாம்.

ஆண்ட்ராய்டு போனில் இன்னொன்றும் உண்டு. பல ஆப்களில் லிங்க்கைத் தொட்டால் பக்கம் அந்த ஆப்புக்குள்ளேயே திறக்கும். அப்போது வேலை செய்வது ‘ஆண்ட்ராய்டு சிஸ்டம் வெப்வியூ’. பிளே ஸ்டோரில் குரோமோடு இதையும் அப்டேட் செய்துவிடுங்கள்.

அப்படியென்றால் மாறவே வேண்டாமா? விளம்பர டிராக்கிங் பிடிக்கவில்லை என்றால் தாராளமாக மாறலாம், அது தனி விஷயம். பாதுகாப்புக்காக மாற வேண்டிய கட்டாயம், உங்கள் பிரவுசருக்கு அப்டேட் வருவதே நின்றுபோனால்தான். விண்டோஸ் 7, 8.1 கம்ப்யூட்டர்களில் குரோம் 109-வது வெர்ஷனோடு நின்றுவிட்டது. அங்கே மாற்ற வேண்டியது பிரவுசரை அல்ல, விண்டோஸை. ஆபீஸ் லேப்டாப்பில் அப்டேட் லாக் ஆகியிருந்தால் ஐ.டி டீமுக்கு ஒரு மெயில் போட்டுவிடுங்கள்.